அம்மாவின் மச்சத்தை யார் அழிக்கச் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மா மோசம்போய், போன கிழமைதான் 31ஆம் நாள் முடிந்தது. கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்துக்கும் சுவரில் மாட்டவும் ஒரு படம் வேண்டுமென்று இங்கே ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்திருந்தோம். கழுவி வந்த படத்தைப் பார்த்துவிட்டு என் சின்ன மகள், "இது ஆர், அம்மம்மாவின் தங்கச்சியா?" என்றாள். பகிடிக்குக் கேட்கவில்லை. மூக்கோரத்து மச்சத்தைக் காணவில்லை, கழுத்துச் சுருக்கத்தைக் காணவில்லை, மீன் சந்தைக்கும் பத்திரகாளி கோயிலுக்கும் 76 வயது வரை வெயிலில் நடந்து கறுத்த முகம் மா பூசியது போல வெளுத்துக் கிடந்தது. கேட்டால், "எல்லாரும் இப்படித்தானே கேட்கினம், வடிவாத்தானே இருக்கு அக்கா" என்றார் ஸ்ரூடியோக்காரர்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாதுதான். கறுப்பு வெள்ளைக் காலத்திலும் நெகட்டிவில் கூரான பென்சிலால் தொட்டுச் சுருக்கத்தைக் குறைத்தார்கள், ஆனால் அது நேரமெடுக்கும் கைவேலை, அதனால் முகத்தின் பெரும்பகுதி தப்பிவிடும். இப்போது ஒரு தட்டோடு முழு முகமும் போய்விடுகிறது.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், அம்மா உயிரோடு இருந்தபோதும் கமராவைக் கண்டால் குசினிக்குள் போய்விடுவா. "நான் கறுப்பி, என்னை விடுங்கோ, படம் பழுதாப்போகும்." அதனால் எங்கள் அல்பங்களில் அவவின் தோளும் சீலைத் தலைப்பும்தான் அதிகம். சிவப்பழகுக் கிறீமின் பெயரிலிருந்து 2020இல் 'ஃபெயர்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டார்கள், பெண் பார்க்கப் போகிறவர்களின் வாயிலிருந்து அதை யாரும் தூக்கவில்லை.

படம் பிடிக்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதிக் குறை முகத்தில் இல்லை, வெளிச்சத்தில்தான். உச்சி வெயிலில் டச் பே கடற்கரையில் பொம்பிளை மாப்பிள்ளையை நிறுத்தினால் கண்குழிக்குள் நிழல் விழாமல் என்ன செய்யும்? கமராவைத் தானாக வெளிச்சம் அளக்கும் ஓட்டோ முறையில் விட்டால், வெள்ளை வேட்டி சட்டையைக் கண்டு அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கறுத்த முகம் இன்னும் இருண்டுபோகும். பிறகு அதைச் சரிசெய்கிறேன் என்று கொம்பியூட்டரில் வெள்ளையடிப்பு. முகத்தில் வெளிச்சத்தை அளந்து, விறாந்தை நிழலில் வைத்து எடுத்துப் பாருங்கள், கறுப்பு எவ்வளவு வடிவென்று தெரியும்.

எங்கள் சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிற பிரான்சில், விளம்பரப் படத்தில் மொடலின் உடம்பை மெலிய வைத்தோ பருக்க வைத்தோ இருந்தால் 'திருத்திய படம்' என்று போட வேண்டுமென்ற விதி 2017 ஒக்டோபரில் வந்தது. நோர்வேயிலும் 2022 ஜூலையிலிருந்து விளம்பரங்களுக்கு அப்படியொரு சட்டம் உண்டு. நான் சட்டம் கேட்கவில்லை. தொடுவதற்கு முதல் ஒரு வார்த்தை கேளுங்கள், அவ்வளவுதான். சாமத்திய வீட்டுப் பிள்ளையின் முகப்பரு ஒரு கிழமையில் போகிறது, அதை அழித்தால் அழியுங்கள். மச்சம், தழும்பு, தோலின் நிறம், இதெல்லாம் அவளுடையது.

கடைசியில், கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டு சிரித்தபோது அம்மாவுக்குத் தெரியாமல் மகன் போனில் எடுத்த படத்தைத்தான் கல்வெட்டில் போட்டோம். கல்வெட்டில் மீன் வரக்கூடாதென்று சின்னம்மா சொன்னதால் சட்டியை மட்டும் வெட்டிவிட்டோம். "வேறொன்றும் செய்ய வேண்டாம்" என்று அச்சகத்துக்கு எழுதியும் கொடுத்தேன். அப்படியும் கொஞ்சம் வெளிறித்தான் வந்திருக்கிறது.

வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை