ஜாமீன் கையெழுத்துக்கு முன்னால்

அன்புள்ள தம்பி,

உன் நண்பனுடைய அண்ணனுக்கு ஜாமீன் மறுத்ததைப் பற்றி நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அரைத் தூக்கத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். காலையில் யோசித்தால், பாதி சொல்லவே இல்லை. கோர்ட்டில் முப்பது வருஷம் கேஸ் கட்டுகளைப் புரட்டியவள், சொந்தப் பிள்ளை கேட்கும்போது உளறலாமா? அதனால்தான் எழுதுகிறேன்.

"அவர் தப்பே பண்ணலைம்மா, அப்புறம் ஏன் ஜாமீன் தரலை?" என்றாய். அவன் தப்பு பண்ணினானா இல்லையா என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாஜிஸ்திரேட்டுக்கும் இப்போது தெரியாது. ஜாமீன் மனுவில் அதை யாரும் தீர்மானிப்பதில்லை. சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை எல்லாம் பின்னால் வரும். இன்றைக்கு அவர் முன்னால் இருக்கிற கேள்வி வேறு: இந்த ஆளை வெளியே விட்டால் வாய்தாவுக்கு ஒழுங்காக வருவானா, சாட்சிகளை மிரட்டுவானா, ஆதாரத்தைக் கலைப்பானா, மறுபடி அதே வேலையைச் செய்வானா? குற்றம் எவ்வளவு கனமானது என்பதையும் பார்ப்பார்.

உன் நண்பனுடைய அண்ணன் விஷயத்தை இதில் வைத்துப் பார். கம்பெனியில் கணக்கு எழுதியவன், பணத்தைத் திருப்பிவிட்டான் என்று புகார். கைதாகி நாலாம் நாளே மனுப் போட்டிருக்கிறார்கள். வங்கி விவரம் இன்னும் போலீஸ் கைக்கு வரவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய மூன்று பேரும் அவனுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என்கிறாய். அரசு வழக்கறிஞர் எழுந்து இந்த இரண்டை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். தள்ளுபடி ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவசரப்பட்டு மனுப் போட்டதுதான் தப்பு. விசாரணை கொஞ்சம் நகர்ந்த பிறகு மறுபடி போடலாம். செஷன்ஸ் கோர்ட் இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது.

சின்னக் குற்றமாக இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்று சட்டம் சொல்லிவிட்டால் அது அவனுடைய உரிமை, ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். ஜாமீன்தாரர் யாரும் கிடைக்காமல் ஒரு வாரம் உள்ளே கிடந்தாலே, வசதியில்லாதவன் என்று எடுத்துக்கொண்டு அவனுடைய சொந்தப் பிணையில், அதாவது வேறு ஆள் இல்லாமல் அவனே எழுதிக் கொடுக்கிற உறுதியில், விடச் சொல்கிறது சட்டம். மற்றக் குற்றங்களில் கோர்ட்டின் விருப்புரிமை. ஆனால் விருப்புரிமை என்றால் இஷ்டம் என்று அர்த்தமில்லை. சிறையல்ல, ஜாமீன்தான் பொது விதி என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977-லேயே உச்ச நீதிமன்றத்தில் எழுதிவிட்டார். உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் சட்டம் மாதிரிச் சிலவற்றில்தான் இது தலைகீழ். அங்கே ஜாமீன் கேட்கிறவன்தான் மலையைத் தூக்க வேண்டும். இவன் மேல் அப்படி எதுவும் இல்லை, நல்லவேளை.

விதி அப்படி இருந்தும் ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்பாய். எனக்குத் தெரிந்து ஒரு காரணம் பயம். ஜாமீன் கொடுத்து அவன் ஓடிப்போனால் கொடுத்தவரைக் கேட்பார்கள். மறுத்து அவன் ஆறு மாதம் உள்ளே கிடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கீழ்க் கோர்ட்டுகளும் உயர் நீதிமன்றங்களும் ஜாமீன் விஷயத்தில் பத்திரமாக நடந்துகொள்ளப் பார்க்கின்றன என்று 2024-இல் டெல்லியின் முன்னாள் துணை முதல்வர் மணீஷ் சிசோடியா வழக்கில் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. நான் அதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

வக்கீலிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல். ஏழு வருஷம் வரை தண்டனையுள்ள குற்றத்தில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுதி வைத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து விசாரித்தால் போதாதா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டாவது, நாள் கணக்கு. இந்த மாதிரி வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால், வழக்கு எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஜாமீன் உரிமையாகிவிடும். பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனையுள்ள பெரிய குற்றங்களுக்கு 90 நாள். காவலில் வைக்கச் சொல்லி ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். அறுபதாம் நாள் சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்துக் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற ஏட்டுகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர்கள் வரவில்லையென்றால் மறுநாள் காலையில் முதல் வேலையாக மனு விழ வேண்டும். தூங்கிவிட்டால், குற்றப்பத்திரிகை வந்த பிறகு அந்த உரிமை போய்விடும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஜாமீன் கிடைத்தால் நீ ஜாமீன்தாரராக நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாயாம்.

எங்கள் கோர்ட்டில் ஒரு நாள் ஒருவர் கையெழுத்துப் போட வந்தார். வெள்ளை வேட்டி, கையில் சொத்து வரி ரசீது, எல்லாம் பக்கா. மாஜிஸ்திரேட் ஐயா நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பையனை எத்தனை வருஷமாத் தெரியும்?" என்றார். "பத்து வருஷமா." "அவங்க அப்பா பேர் என்ன?" அந்த மனுஷன் ரசீதைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். காசுக்கு வந்த ஆள். நான் குனிந்து பேனாவுக்கு மூடி போட்டேன்.

நீ அந்த ரகம் இல்லை. ஆனால் நீ போடுகிற கையெழுத்தும் அதே கையெழுத்துதான். இங்கே பெரும்பாலும் முதலில் பணம் கட்டுவதில்லை. இத்தனை ரூபாய்க்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிறாய். அவன் வராமல் போனால் பிடிவாரண்டு அவனுக்கு, பணத்துக்கு நோட்டீஸ் உனக்கு. நடுவில் சந்தேகம் வந்தால் என்னை விடுவியுங்கள் என்று மனுக் கொடுக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிறேன், சொத்து இல்லையே என்று தயங்க வேண்டாம். சம்பளச் சான்றிதழைப் பல கோர்ட்டுகள் ஏற்கின்றன. வெளி மாவட்டத்துக்காரன் என்று திருப்பி அனுப்பினால் வக்கீல் மோதிராம் வழக்கைக் காட்டட்டும். 1978. அவர் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளினார்கள். உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விட்டது.

நில்லாதே என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிந்தது உன் நண்பனை. அவன் அண்ணனை இரண்டு தடவை பார்த்திருப்பாயா? ஒரு தடவை சிறையில் போய் மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வா. வாய்தா தேதி, தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து, இதையெல்லாம் சொன்னால் அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார். பிறகு முடிவு செய்.

தள்ளுபடி உத்தரவின் நகலை வாங்கிப் போட்டோ எடுத்து அனுப்பு. கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதே, காரணத்தை அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

அம்மா