சிட்னி மாநகராட்சித் தேர்தல், 2004: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களின் மேயர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், 2004ஆம் ஆண்டின் சிட்னி மாநகராட்சித் தேர்தலுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தேர்தலில் லார்ட் மேயராக வென்ற குளோவர் மூர் நகர அரசியலுக்குப் புதியவர் என்றும், அவரது வெற்றி முழுக்க முழுக்கத் தனிப்பட்ட செல்வாக்கினால் கிடைத்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதற்கூற்று பிழையானது; இரண்டாவது கூற்று பாதிதான் உண்மை. அன்று சர்ரி ஹில்ஸ் வாக்குச்சாவடி ஒன்றில் வரிசையில் நின்று வாக்களித்தவன் என்ற முறையில், விடுபட்டுப்போன மறுபாதியை எழுத விரும்புகிறேன்.

அத்தேர்தலைப் புரிந்துகொள்வதற்கு, சிட்னி மாநகராட்சியின் எல்லை எத்தனை முறை, யாரால் நகர்த்தப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மாநகராட்சிகள் மாநில அரசின் சட்டத்தால் உருவானவை. மாநில அரசு நினைத்தால் அவற்றைக் கலைக்கலாம், இணைக்கலாம், பிரிக்கலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசுகள் அந்த அதிகாரத்தைப் பூட்டி வைத்திருந்ததில்லை. 1842இல் தொடங்கப்பட்ட சிட்னி மாநகராட்சி (அதன் முதல் மேயர் ஜான் ஹோஸ்கிங் அடுத்த ஆண்டே கடனில் மூழ்கிப் பதவி விலகினார் என்பது தனிக்கதை) 1850களிலும் 1920களின் இறுதியிலும் கலைக்கப்பட்டு, நியமன ஆணையர்களின் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 1948க்குப் பிறகு நடந்தவற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அந்த ஆண்டு தொழிலாளர் கட்சி அரசு கொண்டுவந்த சட்டத்தால் ரெட்பெர்ன், நியூடவுன், கிளீப், வாட்டர்லூ, பேடிங்டன் உள்ளிட்ட எட்டு புறநகராட்சிகள் சிட்னியுடன் இணைக்கப்பட்டன. அவை ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கி வாழ்ந்த பகுதிகள். அவர்களுடைய வாக்குகளின் பலத்தில் மாநகராட்சி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொழிலாளர் கட்சியிடமே இருந்தது. 1967இல் ராபர்ட் ஆஸ்கின் தலைமையிலான லிபரல் அரசு மாமன்றத்தைக் கலைத்தது. அடுத்த ஆண்டு அந்தத் தொழிலாளர் பகுதிகளைக் கத்தரித்து எடுத்து, சவுத் சிட்னி என்ற தனி நகராட்சியாகவும் அண்டை நகராட்சிகளின் பங்காகவும் ஆக்கியது. 1969இல் நடந்த தேர்தலில், எதிர்பார்த்தபடியே, வணிகர்களின் ஆதரவு பெற்ற குடிமைச் சீர்திருத்தக் குழு வென்றது. 1982இல் நெவில் ரான் தலைமையிலான தொழிலாளர் கட்சி அரசு சவுத் சிட்னியை மீண்டும் இணைத்தது. 1987இல் அதே கட்சியின் அரசே மாமன்றத்தைக் கலைத்தது. அதற்குப் பின் வந்த லிபரல் கூட்டணி அரசு 1989இல் சவுத் சிட்னியை மறுபடி பிரித்து, நடுநகரின் அலுவலகக் கட்டடங்களை மட்டும் சிட்னி மாநகராட்சி என்று வைத்துக்கொண்டது. கட்சிகள் மாறின, கோடும் உடன் மாறியது. இதைப் படிக்கும்போது வாசகர்களுக்கு வேறு ஊர்களின் நினைவு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

2004 பிப்ரவரி 6ஆம் தேதி பாப் காரின் தொழிலாளர் கட்சி அரசு செய்தது இந்த வரிசையில் அடுத்தது. சிட்னி, சவுத் சிட்னி ஆகிய இரு மாமன்றங்களும் ஒரே நாளில் நீக்கப்பட்டு, ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. மார்ச் 27ஆம் தேதி தேர்தல் நடக்கும் வரை ஆணையர்கள் நிர்வகிப்பார்கள் என்று அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்தது ஐம்பதே நாள். அதுவரை லார்ட் மேயராக இருந்த லூசி டர்ன்புல் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பால் கீட்டிங் அமைச்சரவையில் தகவல் தொடர்புத் துறையை வகித்த மைக்கேல் லீ தொழிலாளர் கட்சியின் வேட்பாளரானார். சவுத் சிட்னியின் வாக்குகள் அக்கட்சிக்கு வழக்கமாக விழுபவை என்பதால், கணக்கு முடிந்துவிட்டது என்றே எங்கள் தெருவில் பலரும் பேசிக்கொண்டார்கள். இணைப்பு நடந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், பழங்குடிச் சிறுவன் ஒருவனின் மரணத்தைத் தொடர்ந்து ரெட்பெர்ன் ரயில் நிலையத்தருகே இரவெல்லாம் கலவரம் நடந்தது. அந்தப் பகுதியின் குறைகளை எடுத்துச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூட அப்போது பதவியில் இல்லை என்பதை நாங்கள் கவனிக்காமலில்லை.

குளோவர் மூர் போட்டிக்கு வந்தது இந்தச் சூழலில்தான், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில். அவர் புதியவர் அல்லர். 1980இல் சவுத் சிட்னி நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1982 இணைப்பிற்குப் பின் சிட்னி மாமன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர். 1987இல் மாமன்றம் கலைக்கப்பட்டபோது பதவியை இழந்தவர்களில் அவரும் ஒருவர். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அடுத்த ஆண்டே பிளை தொகுதியில் சுயேச்சையாக நின்று சட்டமன்றத்துக்குப் போனார். 1991 முதல் 1995 வரை எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத அவையில், அரசின் ஆயுளைக் கையில் வைத்திருந்த சுயேச்சைகளுள் ஒருவராகவும் விளங்கினார். ஒரு கலைப்பு அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது, மற்றொரு கலைப்பு மாநகராட்சிக்குத் திரும்ப அழைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. எந்த ஊரின் இரு பாதிகளை அரசு ஒட்டவைத்ததோ, அந்த இரு பாதிகளிலும் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது.

வாக்குமுறையும் அவருக்குக் கைகொடுத்தது. இங்கே லார்ட் மேயருக்குத் தனி வாக்குச்சீட்டு, மாமன்ற உறுப்பினர்களுக்குத் தனி வாக்குச்சீட்டு. மேயர் சீட்டில் விரும்பியவருக்கு 1 என்று எண்ணிட்டால் போதும். விருப்பமிருந்தால் 2, 3 என்று தொடரலாம். உறுப்பினர்கள் விகிதாசார முறையில் தேர்வாகிறார்கள். ஆகவே பழக்கத்தின் காரணமாகத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் பட்டியலுக்கு வாக்களித்த ஒருவர், மேயர் சீட்டில் மட்டும் வேறு பெயரைத் தேர்ந்தெடுக்க எந்தத் தடையும் இல்லை. என் பக்கத்து வீட்டிலிருந்த முதியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாழ்நாள் முழுக்க அக்கட்சிக்கே வாக்களித்தவர், அன்று அப்படித்தான் செய்தார். "எனக்காக வேறொருவர் முடிவெடுப்பதை நான் பொறுத்துக்கொள்வேன், முடிவெடுத்துவிட்டு என் சம்மதம் தங்களிடம் இருப்பதாகச் சொல்வதைத்தான் பொறுக்க முடியாது" என்று வாக்குச்சாவடி வாசலில் அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மூர் தெளிவாக வென்றார்.

இவ்விடத்தில் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இணைப்பை எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் இணைப்பே தவறு என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. நடுநகரின் வணிகக் கட்டடங்கள் செலுத்தும் சொத்து வரியும், தெற்கே கைவிடப்பட்ட ஆலை நிலங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்ததால்தான், ஜெட்லாண்டு, வாட்டர்லூ பகுதிகளில் கிரீன் ஸ்கொயர் என்ற புதிய குடியிருப்பு நகருக்கு நூலகமும் பூங்காவும் நீச்சல்குளமும் கிடைத்தன. மூர் தன் திட்டங்களை நிறைவேற்றியதே, தொழிலாளர் கட்சி வெல்லும் கணக்கில் வரையப்பட்டதாக நாங்கள் கருதிய எல்லைக்குள்தான். எங்களுடைய சினம், எங்களைக் கேட்காமல், தேர்தலுக்கு ஐம்பது நாள் முன்னால், கட்சிக் கணக்கோடு அது செய்யப்பட்டதன் மீதுதான் இருந்தது.

கதை 2004உடன் முடியவில்லை என்பதையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். 2012இல் பாரி ஓ'ஃபாரலின் லிபரல் கூட்டணி அரசு, ஒருவரே சட்டமன்ற உறுப்பினராகவும் உள்ளாட்சிப் பதவியிலும் இருக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. இரு பதவி கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அச்சட்டம் பிற கட்சியினரையும் பாதித்தது என்பதும் உண்மை. எனினும் அது யாரைக் குறிவைத்தது என்பதில் சிட்னியில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. லார்ட் மேயர் பதவிக்குரிய ஊதியத்தை அறப்பணிகளுக்கே கொடுத்துவந்த மூர், மூன்றாம் முறையாக மேயர் தேர்தலில் வென்றபின் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலில் அவர் ஆதரித்த சுயேச்சை அலெக்ஸ் கிரீன்விச் வென்றார். 2014இல் இன்னொரு சட்டம் வந்தது. மெல்போர்னில் இருப்பதைப் போல, நகரில் உள்ள வணிக நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்குகள், அதையும் மாநகராட்சியே பட்டியலில் சேர்த்தாக வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டில் வாழும் மனிதருக்கு ஒன்று, கடைக்கு இரண்டு. கடைக்காரர்கள் அனைவரும் மூருக்கு எதிரிகள் என்று எண்ணியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. 2016இல் அவர் முன்னைவிட வலுவாக வென்றார். அந்த இரட்டை வாக்கு 2023இல்தான், தொழிலாளர் கட்சி ஆட்சியில், நீக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் மூர் ஆறாம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவரது நிர்வாகத்தின்மீது எனக்கும் குறைகள் உண்டு. ஒருவரே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பதவியில் இருப்பது எந்த மாநகருக்கும் நல்லதா என்ற கேள்வியையும் நான் ஒதுக்கவில்லை. அது வேறொரு கடிதத்துக்குரியது. இப்போதைக்கு, அக்கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், "நகர அரசியலுக்குப் புதியவர்" என்ற சொற்களை நீக்கி, "1980 முதல் உள்ளாட்சியில் இருந்தவர், 1987 கலைப்பில் பதவியிழந்தவர்" என்று சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சர்ரி ஹில்ஸ், சிட்னி.