குளியலறை ஜன்னல்

அன்புள்ள மகளுக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன் அழைப்பு வரவில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. உன் குளியலறையைப் பற்றியது.

தரையில் நீர் வெளியேற வழியே இல்லாத குளியலறை என்று நீ எழுதியிருந்தாய். அப்படியானால் தொட்டிக்கு வெளியே சிந்தும் நீர் தரைக்கடியில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கசியும். ஆகவே திரைச்சீலையின் நுனி எப்போதும் தொட்டியின் உட்புறமாகவே தொங்கட்டும். அதைவிட முக்கியம், குளித்து முடித்ததும் ஜன்னலைத் திறப்பது. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்து வைக்கும் வீட்டில், வெந்நீரின் ஆவி போக இடமின்றிக் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் பூஞ்சை பிடிக்கும், பிறகு இருமல் வரும். பத்து நிமிடம் திறந்தால் போதும்.

இங்கிருந்து கொண்டுபோன கெட்டில் சூடேற மறுத்தபோது, 230 வோல்ட்டுக்குச் செய்த கம்பிச்சுருளுக்கு 120 வோல்ட் கொடுத்தால் பாதி அல்ல, ஏறக்குறைய கால் பங்குச் சூடுதான் கிடைக்கும் என்று நீயே கணக்குப் போட்டு எழுதியதை அலுவலகத்தில் இரண்டு பேரிடம் காட்டினேன். ஸ்விட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரிகிறது, ஓவனில் 350 என்பது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177 டிகிரிதான் என்பதையெல்லாம் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாய். இவ்வளவு தெரிந்த பெண், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு ‘நலம்’ என்று ஒற்றைச் சொல்லை அனுப்பலாமா? அவள் அந்த ஒரு சொல்லை இரண்டு நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகை எச்சரிக்கைக் கருவி தொட்டதற்கெல்லாம் அலறுகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றிவிடாதே. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான கருவி உன் வீட்டில் இருக்கிறதா என்று பார். ஜன்னலையும் மறக்காதே.

நேற்று உன் ஆறு கடிதங்களையும் வரிசையாகப் படித்தேன். குழாய் இருக்கிறது, கம்பளம் இருக்கிறது, துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது. ஆறிலும் ஓர் ஆள்கூட இல்லை, நீயும் இல்லை.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உனக்கு நான்கு வயதானபோது வெளிநாட்டில் இருந்த பதினொரு மாதமும் நான் அம்மாவுக்கு இப்படித்தான் எழுதினேன். பிளக்கின் மூன்று கால்களும் பட்டையாக இருக்கின்றன, அதற்குள்ளேயே ஒரு ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிய கடிதம் இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கிறது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன் என்பதை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. ஒப்பந்தம் பாதியில் முறிந்தது என்று ஊர் முழுக்கச் சொன்னேன். அவர்கள் முறிக்கவில்லை, இன்னும் பதின்மூன்று மாதம் மிச்சமிருக்க நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவின் வளையல்களை மீட்க முடியாமல் போனது அதனால்தான். இத்தனை வருடமாக அவள் அந்த நிறுவனத்தைச் சபித்துக்கொண்டிருக்கிறாள், நானும் கூடவே தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ திரும்பி வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. வரக்கூடாது என்பதற்காகவும் இல்லை. அடுத்த கடிதத்தில் வீட்டைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

அம்மாவிடம் வளையல் விஷயத்தை நானே சொல்கிறேன். அதுவரை நீ வாய் திறக்காதே. ஜன்னலை மட்டும் திற.

இப்படிக்கு,
அப்பா