ஐப்பசி மழையும் ஆரம்பப் பிரிவும்: புதிதாக வந்த டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்பின் டீச்சருக்கு,

தேயிலைத் தோட்டப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுக்கு நியமனம் பெற்று மலைக்கு வந்திருக்கிறீர்கள். புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை வாணி விழா, தீபாவளி, மழை, பிள்ளைகளின் வரவு குறைவது எல்லாம் அடுத்தடுத்து வரும். படப் புத்தகங்களில் இருக்கும் சிவப்பு, மஞ்சள் இலையுதிர்காலம் நமக்குக் கிடையாது. நமக்கு வாய்த்தது இடைப்பருவ மழை. காலையில் வெயில் அடிக்கும், பகல் திரும்பியதும் இடியோடு கொட்டும். ஆகவே வெளியில் செய்யும் எதையும் இடைவேளைக்கு முன் முடித்துவிடுங்கள். அந்த மழையையே பாடமாக எடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் வேலை மழைமானி. 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று போதும். இடுப்பு ஒடுங்கிய போத்தல் வேண்டாம், உடம்பு நேராக இருக்க வேண்டும். கழுத்துச் சரிவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் நீங்களே வெட்டுங்கள், பிள்ளைகளிடம் கத்தியைக் கொடுக்க வேண்டாம். மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய மேற்பகுதியைக் கவிழ்த்து உள்ளே வைத்து, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கிருந்து அளக்கக் கூடாது. அடியில் சிறு கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே 0 என்று கோடு போடுங்கள். கற்கள் அந்தக் கோட்டுக்கு மேலே வரக் கூடாது. கோட்டிலிருந்து மேலே அடிமட்டத்தை வைத்து மில்லிமீற்றர் குறியுங்கள். வாயும் உடம்பும் ஒரே அகலம் என்பதால் அடிமட்டத்தில் 1 மி.மீ. என்றால் மழையும் 1 மி.மீ. தான். கடதாசியில் அளவு எழுதி ஒட்டினால் இரண்டு நாளில் ஊறிப்போகும், அழியாத மார்க்கரால் போத்தலிலேயே எழுதுங்கள்.

வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது. கூரை ஓரத்தில் வைத்தால் தகரத்திலிருந்து வழியும் தண்ணீரும் சேர்ந்துவிடும், சவுக்கு மரத்தடியில் வைத்தால் மழை குறைவாக விழும். மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதன் இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். தரையிலிருந்து சேறு தெறிக்காமல் வாய் ஓர் அடி உயரத்திலாவது இருக்கட்டும். காற்றில் சாயாமல் குச்சியில் கட்டுங்கள்.

காலை 8.30க்குப் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் நாளாந்த மழையை அளக்கும் நேரமும் அதுவே. ஒவ்வொரு முறை பார்த்த பின்னும் தண்ணீரை 0 கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெயிலில் நீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், அப்படியே விட்டால் அடுத்த மழை குறைவாகத் தெரியும். மழை இல்லாத நாளுக்கு 0 எழுதுங்கள். பார்க்காத நாளுக்குச் சிறு கோடு போடுங்கள். இந்த வித்தியாசத்தைத் தரம் 3 பிள்ளைக்குப் புரியவைத்தாலே பெரிய காரியம். திங்கட்கிழமை வாசிப்பு வெள்ளி காலையிலிருந்து சேர்ந்த மழை, அதை ஒரு நாள் மழை என்று எழுதிவிடக் கூடாது. பெருமழை நாட்களில் பாடசாலை விடும்போதும் ஒருமுறை பார்த்துக் குறித்து, தண்ணீரைக் கோட்டுக்கு இறக்கிவிட்டு, மறுநாள் வாசிப்போடு கூட்டுங்கள். இந்த அளவுப் போத்தலில் 100 மி.மீ.க்கு மேல் இடம் இருக்காது.

வாசிப்புகளைப் பிரிஸ்டல் போர்டில் வரைபடமாக்குங்கள்: நாளுக்கு ஒரு நிரல், 5 மி.மீ.க்கு ஒரு நீலக் கட்டம். தரம் 1, 2 பிள்ளைகள் முகில் படமும் சூரியன் படமும் ஒட்டினால் போதும்.

இதை வெறும் செயற்பாடாக நினைத்துவிடாதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்து லயங்கள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 காலையில். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகளைச் சுவரில் எழுதி வையுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றாலோ ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ வெளியேற்றம். அன்றைய அளவைத் தரம் 5 பிள்ளை ஒன்று பாடசாலை வாசல் பலகையில் சோக்கால் எழுதட்டும். கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற தாய்மாரும் அதைப் பார்ப்பார்கள். போத்தல் அளவு உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்கு மாற்று அல்ல. எண் உயரும்போது அதிபரிடம் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்து விசாரியுங்கள். எண் குறைவாக இருந்தாலும், நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று, இவற்றைக் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

மழை விடாத காலையில் இலைப் பதிவு செய்யலாம். கொழுந்து மிருதுவானது, நசுங்கிவிடும். முற்றிய தேயிலை இலையை நரம்புள்ள பக்கம் மேலே வரும்படி வைத்து, மெல்லிய கடதாசியால் மூடி, பெஸ்டலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால் ஓரத்துப் பற்களும் தெளிவாக விழும். மருந்து அடித்த மலையா என்று கங்காணியிடம் கேட்ட பிறகே இலை பறியுங்கள், கையும் கழுவ வேண்டும். இலையை உலர்த்தி ஒட்ட நினைத்தால் பத்திரிகைத் தாளை தினமும் மாற்றுங்கள், இந்த ஈரத்தில் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும்.

வாணி விழாவுக்குக் கடலை அவிக்கும் பொறுப்பு புது டீச்சர் தலையில்தான் விழும். பிள்ளைக்கு 30 கிராம் காய்ந்த கடலை, 60 பேருக்கு 2 கிலோ. நுவரெலியாப் பக்கக் குளிரில் 12 மணி நேரமாவது ஊறட்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால் வேக நேரமெடுக்கும். விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டுங்கள், வெந்த பிறகு உப்புப் போடுங்கள். தண்ணீர் ஏன் இங்கே சீக்கிரம் கொதிக்கிறது என்று பெரிய பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகப் பெற்றோர். பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் தாய்மார் யாரும் வர முடியாது, அந்த நேரம் அவர்கள் மலையில் கொழுந்தெடுக்கிறார்கள். அதை அக்கறையில்லாமை என்று ஒருநாளும் எழுதிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலடியில், அரை மணி நேரம் என்று வையுங்கள், வருவார்கள். தீபாவளியை ஒட்டிப் பணம் கேட்கவே வேண்டாம். வாங்கிய தீபாவளி முற்பணம் அடுத்த மாதச் சம்பளங்களில் கழிபடும், கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பணத்துக்குப் பதில் வெறும் போத்தல், பழைய பத்திரிகை, ஒரு கட்டு விறகு கேளுங்கள். அடைமழைக்கு மறுநாள் வராத பிள்ளையைக் கண்டிக்கும் முன், உடுப்பு காயவில்லையா என்று கேளுங்கள். காயாத சீருடைக்காக வீட்டுடுப்பில் வர அதிபரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அதைப் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மலையகத்து ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள்