அக்காவுக்கு, கோதன்பர்க்கிலிருந்து

கோதன்பர்க்
5.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பருப்புப்பொடி டப்பாவுக்குள் மடித்து வைத்து நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. முருகேசன் மகன் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே, "டப்பாவை நீங்கதான் திறக்கணும்னு உங்க அக்கா சொல்லிச்சு" என்றான். வாட்ஸ்அப்பில் எழுதினால் கார்த்தி பார்த்துவிடுவான் என்று காகிதத்துக்குப் போயிருக்கிறாய். கெட்டிக்காரிதான். கடிதமெல்லாம் பெருங்காய வாசனை.

தீபாவளிக்கு அப்புறம் நான் சரியாகப் பேசவில்லை என்று திட்டியிருக்கிறாய். ஆபீஸ் நேரம் மாறிப்போனதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுவாய், அதனால் முதலில் அதற்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறேன். இங்கே பனி கொட்டும் என்று அம்மா நினைக்கிறது. கடலோர ஊர், பனியைவிட மழையும் காற்றும்தான் அதிகம். குடை பிடிக்க முடியாது, கம்பி மடங்கிவிடும். காலையில் எட்டே முக்காலுக்குத்தான் விடிகிறது, மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

ஊர் நடுவில் இருந்த வீட்டை விட்டுவிட்டேன். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹிசிங்கென் தீவில் ஒரு அறை. காற்றோட்டமாக இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுடன் சமையலறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அது ஒன்றுதான். தாளித்தால் இருமுகிறார். அதனால் கடுகைக் குறைத்துக்கொண்டேன். உன் பொடி வந்த நாளிலிருந்து சோறு, பொடி, எண்ணெய், அவ்வளவுதான். அடுப்பில் வேலையே இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கார்த்தி மூன்றாம் வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு கிடாரோடு போகப் போகிறேன் என்கிறான், அவன் வாசிக்கிற பாட்டு பிறந்ததே நீ இருக்கிற ஊரில்தானாம், அதற்கு எதிர்காலம் உண்டா இல்லையா என்று விசாரித்து எழுது, தாய்மாமன் சொன்னால் கேட்பான் என்று எழுதியிருக்கிறாய். அவன் அறைக்குள் அந்தக் குரலில் முதல் தடவை பாடியபோது அம்மா விபூதியோடு ஓடிய கதையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவன் சொல்வது உண்மைதான். மெலோடிக் டெத் மெட்டல் என்று பெயர். குரல் உறுமும், ஆனால் கிடார் இரண்டும் சேர்ந்து மெட்டு வாசிக்கும். அதை இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ப் பையன்கள் உண்டாக்கியது.

விசாரிக்க நான் எங்கேயும் அலையவில்லை. எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் இருக்கிறார். டிராம் ஓட்டுகிறவர், ஐம்பது தாண்டியவர், இடுப்புவரை நரைத்த முடி. இங்கே துணி துவைக்கக் கட்டடத்துக்கே ஒரு பொது அறை, முறை போட்டுக்கொள்ள வேண்டும். அங்கேதான் பழக்கம். மெஷின் நிறையக் கறுப்புச் சட்டை மட்டும் போடுவார். முதலில் நான் லிஃப்டில் ஏறினால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார்; கோபமில்லை, இங்கே பல பேர் அப்படித்தான். ஒருநாள் கார்த்தி அனுப்பிய வீடியோவை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து வாய் ஓயவில்லை. அவரும் சின்ன வயதில் ஒரு குழுவில் பாஸ் கிடார் வாசித்தாராம். ஒரு கேசட்டோடு முடிந்துபோனது.

அவர் சொல்வது இது. 1995 நவம்பரில் அட் தி கேட்ஸ் குழுவின் 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' ஆல்பம், அதே வருஷம் டார்க் டிராங்க்விலிட்டியின் 'தி கேலரி', அடுத்த வருஷம் இன் ஃபிளேம்ஸின் 'தி ஜெஸ்டர் ரேஸ்'. மூன்றும் ஒரே ஊர், ஒரே பதிவுக்கூடம், ஸ்டூடியோ ஃபிரட்மான். அதோடு சரக்கு தீர்ந்தது, மற்றதெல்லாம் கழுநீர் என்கிறார். முதலில் சொன்னது 35 நிமிஷம்கூட வராது. நானும் கேட்டேன். பாதி புரியவில்லை, ஆனால் நடுவில் நிறுத்தத் தோன்றவில்லை. அது வெளிவந்த மறுவருஷமே அந்தக் குழு உடைந்துவிட்டது என்பது இன்னொரு கதை. பிறகு சேர்ந்தார்கள், 2014இல் புது ஆல்பம்கூடப் போட்டார்கள்.

எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். டார்க் டிராங்க்விலிட்டியின் முதல் ஆல்பத்தில் பாடிய ஆண்டர்ஸ் ஃப்ரிடேன் பிறகு இன் ஃபிளேம்ஸுக்குப் போனார். இன் ஃபிளேம்ஸின் முதல் ஆல்பத்தில் பாடிய மிக்கேல் ஸ்டான்னே டார்க் டிராங்க்விலிட்டியின் பாடகரானார். நம் பக்கத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாதிரி. மச்சானுக்கு இதைச் சொல், சிரிப்பார்.

அந்த அட் தி கேட்ஸ் பாடகர் டோமாஸ் லிண்ட்பெர்க் இந்த செப்டம்பரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். வயது 52. அறுவை சிகிச்சைக்குப் போகும் முன்பே புது ஆல்பத்துக்கான குரலைப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று டிராம்காரர் வீட்டில் நடுராத்திரி வரை அந்த 35 நிமிஷம் திரும்பத் திரும்ப ஓடியது. இந்த ஊரில் பத்து மணிக்கு மேல் சத்தம் வந்தால் புகார் எழுதி ஒட்டிவிடுவார்கள். அன்று யாரும் ஒட்டவில்லை.

ஆனால் அக்கா, எல்லாம் 1996இலேயே முடிந்துவிட்டது என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரசிகர்கள் குறைந்தார்கள் என்று சொல்லவே முடியாது. 2000க்குப் பிறகு அமெரிக்கப் பையன்கள் இந்த ஊர்க் கிடாரை அப்படியே எடுத்துக்கொண்டு மெட்டல்கோர் என்ற பாணியில் பெரிய அரங்குகளை நிரப்பினார்கள். இன் ஃபிளேம்ஸ் 2002லேயே ஒரு ஆல்பத்தில் பாணியை மாற்றி, கூடச் சேர்ந்து பாடும்படி பல்லவி வைத்தார்கள். பழைய ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை, புது ரசிகர்கள் பல மடங்கு வந்தார்கள். குழுவை ஆரம்பித்த யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்லாட் 2010இல் விலகினார். அவரும் வேறு சில பழைய இன் ஃபிளேம்ஸ்காரர்களும் ஸ்டான்னேயைப் பாடவைத்து தி ஹாலோ எஃபெக்ட் என்று சேர்ந்து 2022இல் ஒரு ஆல்பம் போட்டார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐம்பது வயதுக்காரர்கள் தங்கள் இருபது வயதைத் தாங்களே திரும்ப வாசிக்கிறார்கள், அதில் புதுசு எங்கே என்று தோன்றியது. கைத்திறமை கூடியிருக்கிறது, தைரியம் குறைந்திருக்கிறது. டிராம்காரரோடு ஒரு சின்னக் கச்சேரிக்குப் போனேன், கூட்டத்தில் பாதி நரைத்த தாடி.

புதுசு வேறு இடத்தில் வருகிறது. ஆர்பிட் கல்ச்சர் என்று ஒரு குழு, எக்ஷோ என்ற சின்ன ஊர்க்காரர்கள், கோதன்பர்க்கே இல்லை. இதே கிடாரை வைத்துக்கொண்டு இன்னும் கனமாக வாசிக்கிறார்கள். கார்த்திக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பார்.

எனக்குக் கவலையாகப் படுவது வேறு. இந்த நாட்டில் படிப்பு வட்டம் என்று ஒரு ஏற்பாடு. நாலு பையன்கள் கூடிப் பாட்டுப் பழகினாலும் அதைப் படிப்பு என்று கணக்கில் எடுத்து, அரசு மானியம் வாங்கும் சங்கங்கள் பயிற்சி அறைக்கு உதவும். நகராட்சி நடத்தும் இசைப் பள்ளியும் உண்டு. பணமில்லாத வீட்டுப் பிள்ளைகூட டிரம்ஸ் தட்டக் கற்றது அப்படித்தான். அந்தச் சங்கங்களின் மானியத்தை 2024லிருந்து படிப்படியாக வெட்டுகிறார்கள். 2026இலிருந்து வருஷத்துக்கு 50 கோடி குரோனா குறையும். அறை இல்லாவிட்டால் பதினாறு வயதுப் பையன் எங்கே போய்க் கத்துவான்? டிராம்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு எல்லாக் குற்றமும் அந்த 2002 ஆல்பத்தின் மேல்தான்.

ஆகவே கார்த்திக்கு நான் சொல்வது: பாட்டு சாகாது, ஆனால் சோறு போடும் என்று நம்பிப் படிப்பை விடாதே. லிண்ட்பெர்க் பள்ளிக்கூட வாத்தியாராகவும் வேலை பார்த்தவர். இதைச் சொல்லி எழுதி வைத்திருக்கும் தனித் தாளை அவனிடம் கொடு. அவன் கிடாரை விற்கச் சொல்லி மச்சான் சத்தம் போடுவதாக எழுதியிருக்கிறாய், அதுமட்டும் வேண்டாம். தோட்டத்து மோட்டார் ரூம் சும்மாதானே கிடக்கிறது. உர மூட்டையை எடுத்துவிட்டு அதை அவனுக்குக் கொடுங்கள். அங்கே எவ்வளவு கத்தினாலும் யாருக்குக் கேட்கப் போகிறது.

மோட்டார் ரூம் என்றதும் வாய்க்கால் மேட்டில் அப்பா துண்டை விரித்துப் படுத்திருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டு நாளைக்கு முன் கார்த்திகை. இந்த மாதம் முழுக்க இங்கே ஒவ்வொரு ஜன்னலிலும் ஏழு விளக்குத் தாங்கி வைக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், டிராமை விட்டுவிட்டேன். பொரி உருண்டை எனக்கு எடுத்து வைத்தீர்களா? அம்மா வைத்திருக்கும்.

அந்தத் தோட்டத்தைப் பெரியப்பா மகன் கேட்பதாக எழுதியிருந்தாய். கிணற்றில் நமக்கு இருக்கிற பாகத்தை எழுதாமல் எந்தப் பத்திரத்திலும் மச்சான் கையெழுத்துப் போட வேண்டாம். எனக்குப் பதிலாக உனக்கு அதிகாரப் பத்திரம் தர வேண்டுமென்றால் ஸ்டாக்ஹோம் தூதரகத்துக்கு நானே நேரில் போக வேண்டும், ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். தை பிறக்கட்டும், போகிறேன். அதுவரை பட்டாவின் நகலையும் கிணற்றுப் பாகப் பிரிவினைப் பத்திரத்தையும் தேடி வை, அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கும்.

மீனாவின் நிச்சயத்துக்குத் தாய்மாமன் சீர் என்னவென்று கேட்டிருக்கிறாய். பவுன் லட்சத்தைத் தொடப் போகிறது என்கிறார்கள். நிச்சயத்துக்குப் பட்டுச் சேலையும் தட்டு வரிசையும் போதாதா? பவுனைக் கல்யாணத்துக்கு மொத்தமாகச் செய்கிறேன், அப்போது விலையும் இறங்கியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நீ பக்குவமாகச் சொல். இந்த மாதப் பணம் ஒரு வாரம் பத்து நாள் தள்ளி வரும். பேங்கில் ஏதோ சரிபார்ப்பு என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் கணக்கு வைத்துக்கொள், அம்மாவின் மூட்டு மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

முருகேசன் மகன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். மச்சானுக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்து விடுகிறேன். திரும்பும்போது அவனிடம் புளி ஒரு கிலோ, கொட்டை எடுத்தது.

அன்புடன்,
தம்பி செல்வம்