வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்கப் புராணப் பெயர்களை இந்த ஆண்டு படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. "கதை போதாதா, இலக்கணம் வேறு எதற்கு?" என்று அன்றே ஒருவர் கேட்டார். ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் நின்றுபோனது. மற்றவை மாதந்தோறும் நடந்தன.

முதல் இரண்டு கூட்டமும் வேற்றுமையிலேயே கழிந்தன. நமக்கு எட்டு, அவர்களுக்கு ஐந்து. விளியும் அதில் உண்டு. 'மரம்' நமக்கு 'மரத்தை' ஆவதுபோல, அங்கும் பெயரின் அடி எழுவாயில் ஒளிந்துகொள்ளும். 'அட்லஸ்' ஆறாம் வேற்றுமையில் 'அட்லந்தோஸ்'. அட்லாண்டிக் கடலின் பெயரில் 'ண்ட்' எப்படி வந்தது என்று பலருக்கும் அன்றுதான் புரிந்தது. 'ஜீயஸ்' அடையாளமே தெரியாமல் 'டியோஸ்' ஆகிவிடுகிறார். வடமொழியின் 'த்யௌஸ்', 'திவஸ்' இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் குழப்பம் தீர்ந்தது. வேர் ஒன்றே, பொருள் வானம்.

ஈடிபஸ் என்றால் வீங்கிய காலன். பாட்ரோக்ளஸ், கிளியோபாட்ரா இரண்டும் 'தந்தை', 'புகழ்' என்ற அதே இரு சொற்களின் முன்பின் மாற்றம். எகிப்து ராணிக்கு வெகு முன்பே இலியட்டில் ஒரு கிளியோபாட்ரா இருக்கிறாள்.

அழைப்பிதழில் பண்டோராவுக்கு 'எல்லாம் தருபவள்' என்று அச்சிட்டது என் தவறு. சொல்லமைப்பு அதற்கும் இடம் தரும் என்றாலும், ஒலிம்பஸ் தேவர்கள் எல்லோரும் பரிசளித்ததால் வந்த பெயர் என்றே பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்கிறார். மூத்த உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார். நன்றி ஐயா.

ஆண்டின் சிறந்த கூட்டம் ஒடிசியின் ஒன்பதாம் காண்டத்துக்கு நடந்ததுதான். ஒற்றைக்கண் பாலிஃபீமஸிடம் ஒடிசியஸ் தன் பெயர் 'ஊடிஸ்', அதாவது 'யாருமில்லை' என்கிறான். அந்தச் சொல்லை இரண்டாம் வேற்றுமையில் வழக்கம்போல் 'ஊடினா' என்று சொல்லியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். அவனோ 'ஊடின்' என்று ஆள்பெயர்போல வேற்றுமைப்படுத்துகிறான். பிற்பாடு கண் போன அரக்கன், "ஊடிஸ் என்னைக் கொல்கிறான்" என்று அலற, ஓடிவந்த மற்ற அரக்கர்கள் தங்கள் பதிலில் 'யாருமில்லை' என்பதற்கு 'மே டிஸ்' என்ற வேறு எதிர்மறையைப் பயன்படுத்துகிறார்கள். சேர்த்துச் சொன்னால் அது 'மேடிஸ்', தந்திரம்! இலக்கணம் எதற்கு என்று கேட்டவர்தான் அன்று அதிகம் சிரித்தார்.

எல்லாப் பெயருக்கும் பொருள் கண்டுவிட்டோம் என்று சொல்லமாட்டேன். அதீனாவுக்கு உறுதியான விளக்கம் இல்லை. அப்பொல்லோவின் ஒரு பெயருக்குள் இசை, குறிசொல்லல், மருத்துவம், வில் நான்கையும் பிளேட்டோ அடைத்துக் காட்டியதை நாங்கள் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

கடைசிக் கூட்டத்தில், மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-ல் படித்தறிந்த 'லீனியர் பி' என்ற பழங்கிரேக்க எழுத்தில் உள்ள, பைலோஸ் என்ற கிரேக்க ஊரின் களிமண் பலகை ஒன்றைப் பார்த்தோம். 'திவே', நான்காம் வேற்றுமை: ஜீயஸுக்கு ஒரு பொற்கலம், ஓர் ஆள். ஹீராவுக்கு ஒரு பொற்கலம், ஒரு பெண். முழுக்கக் கணக்குதான். நம் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.