இரும்பு விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் போன் திருட்டுப் போய்விட்டதால் தபால்காரரை நம்ப வேண்டியதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நண்பன் போனிலிருந்து பேசினாயே, அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. ஒன்பது நாளாகத் தூக்கமில்லை, கூடத் தங்கியிருக்கிற மூன்று பேரில் யார் முகத்தைப் பார்த்தாலும் சந்தேகம் வருகிறது என்றாய். போன் போனதைவிட அதுதான் என்னை உறுத்துகிறது.

நூலகத்தில் எடுத்துவந்து இப்போது படித்துக்கொண்டிருப்பது எபிக்டீட்டஸ் என்ற கிரேக்க ஞானியைப் பற்றி. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். இன்றைய துருக்கியில் இருக்கும் ஹீராபோலிஸில் பிறந்து, ரோமில் அடிமையாக இருந்தார். கால் ஊனம். அவர் பெயருக்கே கிரேக்கத்தில் 'ஈட்டிய பொருள்' என்றுதான் அர்த்தமாம்! விடுதலையான பிறகு தத்துவம் சொல்லிக்கொடுத்தார். டொமிஷியன் பேரரசன் தத்துவவாதிகளைத் துரத்தியபோது கிரேக்கத்தின் நிக்கோபோலிஸுக்குப் போய் அங்கே பள்ளி நடத்தினார். சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவர் குறித்து வைத்ததுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

எபிக்டீட்டஸ் வீட்டில் சாமி வைத்திருந்த இடத்தில் ஓர் இரும்பு விளக்கு இருந்தது. ஒருநாள் ஜன்னல் பக்கம் ஏதோ சத்தம். ஓடி இறங்கிப் பார்த்தால் விளக்கைக் காணவில்லை. நாளைக்கு மண்விளக்கு வாங்கிக்கொள்வோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இருப்பதைத்தானே இழக்க முடியும் என்பது அவர் கணக்கு. இன்னோரிடத்தில் இதையே பேசும்போது, விழித்திருப்பதில் திருடன் என்னைவிடக் கெட்டிக்காரன், ஆனால் அந்த விளக்குக்கு அவன் கொடுத்த விலை, தான் திருடனாக ஆனது என்கிறார். படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் கொடுத்த விலை போதாதென்று, நீயும் ஒன்பது நாள் தூக்கத்தையும் மூன்று நண்பர்களையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாயே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர் இறந்த பிறகு அந்த மண்விளக்கை ஒருவன் 3,000 திராக்மா (அந்தக் காலத்துக் கிரேக்க வெள்ளிக்காசு) கொடுத்து வாங்கினானாம், அதன் வெளிச்சத்தில் படித்தால் ஞானம் வந்துவிடும் என்று. லூசியன் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் கேலியாக எழுதி வைத்திருக்கிறார்.

அவர் சொன்னதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று நினைத்துவிடாதே. பிடித்த குடம் ஒன்று இருந்தால், 'எனக்குப் பிடித்திருப்பது ஒரு குடம்' என்று நினைவில் வைத்துக்கொள், உடைந்தால் கலங்க மாட்டாய் என்கிறார். சரி. போன மாதம் ஊறுகாய் ஜாடி கைதவறி உடைந்தபோது அதைச் சொல்லிப் பார்த்தேன், முக்கால்வாசி வேலை செய்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, பிள்ளையை முத்தமிடும்போதும் இறக்கக்கூடிய ஒரு மனித உயிரை முத்தமிடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார். குடத்தையும் குழந்தையையும் ஒரே மூச்சில்! வயதான காலத்தில், நண்பர் கைவிட இருந்த குழந்தையை எடுத்து வளர்த்தாராம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணையும் வீட்டில் சேர்த்துக்கொண்டாராம். அதற்குக் காய்ச்சல் கண்ட இரவில் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த வாரம் ஒருவேளையாவது அந்த மூவரோடு உட்கார்ந்து சாப்பிடு. பருப்புப்பொடி தனியாக அனுப்பியிருக்கிறேன், நால்வருக்கும் சேர்த்துத்தான்.

எபிக்டீட்டஸ் மண்விளக்கோடு விட்டுவிட்டார். நீ விடாதே, போலீசில் புகார் கொடு. போன் வந்த பெட்டி இங்கே அலமாரியில்தான் இருந்தது. அதன் மேல் இருந்த, போனை அடையாளம் காட்டும் 15 இலக்க எண்ணை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா